தோன்றா எழுவாய்

கரக்பூரிலிருந்து அந்தத் தபால் அட்டை வந்தது 2005-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார் அந்த வாசகர். அடித்தல் திருத்தல் இல்லாத பழங்காலத்துப் பள்ளிக்கூடக் கையெழுத்து. 'ஜெர்மானிய ஜெனரல் பற்றிய கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. கிரிமியா பிடிபட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஊர்கள் இருந்திருக்கும். ஊர்களில் ஜனங்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று? எழுத இடம் போதவில்லையா?' அவ்வளவுதான். கீழே பெயரும் முகவரியும்.

நான் பதில் போடவில்லை. கட்டுரை நான் எழுதியதல்ல, மொழிபெயர்த்ததுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் எப்போதும் கைவசம் இருக்கும் சமாதானம் அது.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு டில்லியில் ஒரு வாரப் பத்திரிகையின் தமிழ்ப் பிரிவில் சேர்ந்த புதிது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 60 ஆண்டுகள் ஆனதையொட்டிச் சிறப்புப் பக்கங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. ஆங்கிலப் பிரதி ராத்திரி வந்து விழும். மறுநாள் மத்தியானத்துக்குள் தமிழாக வேண்டும். என் பங்குக்கு வந்தது போர்த் தளபதிகள் பற்றிய கட்டுரை. அதில் பெரிய இடம் எரிக் ஃபோன் மான்ஸ்டைனுக்கு. ஹிட்லரின் ஃபீல்டு மார்ஷல்களிலேயே கூர்மையான போர் மூளை என்று பெயர் வாங்கியவர். கூடவே ஒரு படம்: மெலிந்த முகம், வளைந்த மூக்கு, கழுத்தில் தொங்கும் சிலுவை.

வேகமாக மொழிபெயர்த்தேன். நன்றாகவும் மொழிபெயர்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். பொறுப்பாசிரியர் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, 'சண்டைக் காட்சியெல்லாம் அசத்தலா வந்திருக்கே' என்றார். அந்தப் பாராட்டு எனக்கு இரண்டு நாள் போதுமானதாக இருந்தது.

சண்டைக் காட்சிகளுக்கு அந்த மனிதரின் வாழ்க்கையில் குறைவில்லை. 1887-இல் பெர்லினில் லெவின்ஸ்கி என்ற ராணுவக் குடும்பத்தில் பத்தாவது குழந்தையாகப் பிறந்தார். குழந்தை இல்லாத சித்தி தத்து எடுத்துக்கொண்டார். சித்தப்பா மான்ஸ்டைனும் ஜெனரல். பெற்ற தகப்பனும் ஜெனரல். பிற்பாடு ஜெர்மனியின் ஜனாதிபதியான ஹிண்டன்பர்க் இன்னொரு பெரியம்மா-சித்தி வகையில் உறவு. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையன் என்ன ஆவான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. முதல் உலகப் போரில் 1914 நவம்பரில் படுகாயமடைந்தார். இரும்புச் சிலுவை வாங்கினார். போர் முடிந்து, சிறுத்துப்போன ராணுவத்திலும் படிப்படியாக மேலே வந்தார்.

அவருக்கு உலகப் புகழைத் தந்தது 1940. பிரான்ஸைத் தாக்க ஜெர்மன் தலைமையகம் வைத்திருந்த திட்டம் பழைய பாணி: வடக்கே பெல்ஜியம் வழியாகப் பெரும் படையோடு இறங்குவது. எதிரியும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தான். அதுவும் போதாதென்று 1940 ஜனவரி 10-ஆம் தேதி, திட்டத்தின் சில காகிதங்களோடு ஒரு ஜெர்மன் விமானம் வழிதவறி பெல்ஜியத்தில் இறங்கிவிட்டது. மான்ஸ்டைன் வேறு வழி சொன்னார். பெல்ஜியத்தில் ஒரு படை போகட்டும்; பிரெஞ்சு, பிரிட்டிஷ் படைகள் அதை நோக்கி ஓடட்டும். நிஜமான அடி தெற்கே ஆர்டென் காடுகளின் வழியாக விழட்டும். டாங்கிகள் போக முடியாது என்று எல்லோரும் நினைத்த காடு அது. அதைக் கடந்து ஸெடானில் மியூஸ் ஆற்றைத் தாண்டி, நிற்காமல் கடற்கரை வரை போய்விட்டால் எதிரியின் நல்ல படைகளெல்லாம் பைக்குள் அகப்பட்டுக்கொள்ளும்.

மேலதிகாரிகளுக்கு இவரின் நச்சரிப்புப் பிடிக்கவில்லை. பதவி உயர்வு என்ற பெயரில் ஸ்டெட்டினுக்கு அனுப்பினார்கள். ஆனால் பிப்ரவரி 17-ஆம் தேதி ஹிட்லரை நேரில் பார்த்துத் திட்டத்தை விளக்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. மே 10-ஆம் தேதி தாக்குதல் தொடங்கியது. 13-ஆம் தேதி மியூஸைத் தாண்டினார்கள். 20-ஆம் தேதி டாங்கிகள் இங்கிலீஷ் கால்வாய்க் கரையில் நின்றன. ஜூன் 22-இல் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டது. ஜூலையில் மான்ஸ்டைனின் கழுத்துக்கு நைட்ஸ் கிராஸ் எனப்படும் வீரச் சிலுவை வந்தது.

அடுத்தது ரஷ்யா. 1941 ஜூன் 22-இல் படையெடுப்பு ஆரம்பித்த நான்காம் நாளே அவருடைய டாங்கிப் படை சுமார் 300 கிலோமீட்டர் பாய்ந்து லாட்வியாவில் த்வீனா ஆற்றின் பாலங்களைப் பிடித்தது. செப்டம்பரில் 11-ஆவது படையின் தளபதி கண்ணிவெடி வயலில் விமானம் இறங்கி இறந்தார். அந்த இடத்துக்கு மான்ஸ்டைன் வந்தார். வேலை: கருங்கடலில் நீட்டிக்கொண்டிருக்கும் கிரிமியா தீபகற்பத்தைப் பிடிப்பது. செவஸ்தபோல் கோட்டை மட்டும் எட்டு மாதம் தாக்குப்பிடித்தது. அதை உடைக்க 80 சென்டிமீட்டர் வாயுள்ள, 'டோரா' என்று பெயரிட்ட ரயில் பீரங்கியைக் கொண்டுவந்தார்கள். அதன் ஒரு குண்டே ஏழு டன் வரை எடை. 1942 ஜூலையில் கோட்டை விழுந்தது. மான்ஸ்டைன் ஃபீல்டு மார்ஷல் ஆனார். கிரிமியாவில் போரிட்டவர்களுக்கென்று கேடய வடிவில் ஒரு பதக்கம் செய்து இடது கைச் சட்டையில் தைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள். அதில் கழுகு, 1941, 1942 என்ற ஆண்டுகள், கூடவே கிரிமியாவின் வரைபடம். தளபதிக்குத் தங்கத்தில் ஒன்று.

நான் மொழிபெயர்த்த கட்டுரையில் இவ்வளவும் இருந்தது. பீரங்கியின் எடைகூட இருந்தது. அப்புறம் ஒரு வரி. படை முன்னேறியபோது, பின்னால் விட்டுவந்த பகுதிகளைப் பற்றிய வரி. நான் அதை இப்படித் தமிழாக்கினேன்: 'பின்பகுதிகள் அமைதிப்படுத்தப்பட்டன.'

கரக்பூர்க்காரர் கேட்டது இந்த வரியைப் பற்றித்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. ஏதோ இடறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அட்டையை நான் கிழித்துப் போடவில்லை. அகராதிக்குள் வைத்தேன். அகராதியைத் திறக்கும்போதெல்லாம் அது தலைகாட்டியது. இரண்டு மூன்று வருடம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் நூலகத்தில் உட்கார்ந்து, நியூரெம்பர்க் நீதிமன்ற ஆவணத் தொகுதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். கிரிமியாவில் இருந்த ஊர்களும் ஜனங்களும் அங்கே இருந்தார்கள்.

ஜெர்மன் ராணுவம் முன்னேறிய இடமெல்லாம் அதன் பின்னாலேயே கொலைப் படைப் பிரிவுகள் போயின. ஊர் ஊராகப் போய் யூதர்களையும் ஜிப்ஸிகளையும் கம்யூனிஸ்டுகளையும் சுட்டுக் கொல்வதுதான் அவற்றின் வேலை. நான்கு பிரிவுகள். 11-ஆவது படையின் பகுதியில் இருந்தது 'டி' பிரிவு. அதன் தலைவன் ஓட்டோ ஓலன்டார்ஃப், படித்தவன், பொருளாதார நிபுணன். 1946 ஜனவரி 3-ஆம் தேதி நியூரெம்பர்க் சாட்சிக் கூண்டில் ஏறி, ஓராண்டில் தன் பிரிவு கொன்றவர்கள் சுமார் 90,000 பேர் என்று சாவதானமாகச் சொன்னான். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். 1951-இல் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

அவன் பிரிவில் இருந்த ஆட்கள் எத்தனை பேர்? சுமார் 500. பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பரப்பில் 500 பேரால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. ஆட்களை ஏற்றிப்போக லாரி வேண்டும். லாரிக்கு பெட்ரோல் வேண்டும். சாலையில் காவலுக்கு ஆள் வேண்டும். இவையெல்லாம் யாரிடம் இருந்தன? ராணுவத்திடம்.

சிம்ஃபெரோபோல் கிரிமியாவின் தலைநகரம். 11-ஆவது படையின் நிர்வாக அலுவலகங்கள் அங்கே இருந்தன. 1941 டிசம்பரில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஃபியதோசியா சாலையில் ஊருக்கு வெளியே, டாங்கிகளைத் தடுக்க வெட்டியிருந்த பள்ளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். கிரிம்சாக் என்ற சிறிய யூத இனம் தலைமுறை தலைமுறையாக கிரிமியாவில் வாழ்ந்தது. அவர்களுக்கென்று தனிப் பேச்சு, தனிப் பாட்டு. அவர்களும் போனார்கள். லாரிகள் ராணுவத்துடையவை. உணவுப் பற்றாக்குறை, வீட்டுப் பற்றாக்குறை என்று சொல்லி, காரியத்தைச் சீக்கிரம் முடிக்கும்படி ராணுவத் தரப்பே கேட்டுக்கொண்டது என்று ஓலன்டார்ஃப் சாட்சி சொன்னான். கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்தது.

இதற்குச் சில வாரங்கள் முன்னால், நவம்பர் 20-ஆம் தேதி, மான்ஸ்டைன் தன் படைக்கு ஓர் உத்தரவு அனுப்பியிருந்தார். யூத-போல்ஷெவிக் அமைப்பை ஒரேயடியாக அழித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். முன்னால் இருக்கும் செஞ்சேனைக்கும் பின்னால் ஒளிந்திருக்கும் எதிரிக்கும் இடையே தரகன் யூதன். ஆகவே யூதர்களுக்குக் கிடைக்கும் கடுமையான தண்டனையின் அவசியத்தைச் சிப்பாய் புரிந்துகொள்ள வேண்டும். எதிரியின் நகரங்களில் ஜனங்களில் பெரும்பகுதி பட்டினி கிடக்க நேரிடும்; இரக்கப்பட்டு ரொட்டி கொடுக்கக் கூடாது. அதே காகிதத்தில், சிப்பாய்கள் கண்ணியத்தோடு நடந்துகொள்ள வேண்டும் என்றும் ஒரு பகுதி உண்டு. இன்னொரு தளபதி ஒரு மாதம் முன்பு விட்ட உத்தரவை ஒட்டியது இது. ஆனால் கீழே கையெழுத்து இவருடையது. 1946 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் அதைக் காட்டியபோது, கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்ட மான்ஸ்டைன், அப்படி ஓர் உத்தரவு தன் நினைவிலேயே இல்லை என்றார். எத்தனையோ போர்களின் தேதியும் நேரமும் ரெஜிமென்டுகளின் எண்ணும் நினைவில் வைத்திருந்த மனிதர் அவர்.

இதையெல்லாம் படித்தபோது என்னை உலுக்கியது 90,000 என்ற எண்ணல்ல. அவ்வளவு பெரிய எண் மூளைக்குள் நுழைவதில்லை. உலுக்கியது 1942 பிப்ரவரியில் கொலைப் பிரிவு 11-ஆவது படைக்கு எழுதிய சிறு கடிதம். யூதர்கள் மீதான நடவடிக்கையில் கைப்பற்றிய கடிகாரங்களைப் பற்றியது. பழுது பார்த்துச் சரியாக ஓடும் 120 கடிகாரங்களைப் படைக்குக் கொடுத்தாயிற்று, இன்னும் தேவையானால் சொல்லவும் என்கிற தினுசில் போகிறது. சாதாரண அலுவலகக் கடிதம். எந்த ஆபீஸிலும் பேனாவும் பேப்பரும் வந்து சேர்ந்ததற்கு இப்படித்தான் எழுதுவோம். கிரிமியாவில் சிப்பாய்கள் நேரம் பார்த்த கடிகாரங்களில் சில, பள்ளத்தின் விளிம்பில் கழற்றியவை.

நான் தமிழ் படித்தவள். இலக்கண வகுப்பில் 'தோன்றா எழுவாய்' என்று ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். 'நேற்று வந்தேன்' என்றால் 'நான்' என்ற எழுவாய் வாக்கியத்தில் தோன்றவில்லை. ஆனாலும் 'வந்தேன்' என்ற வினைமுற்றே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் வினை அவ்வளவு நேர்மையானது. ஆனால் செயப்பாட்டு வினை வேறு ஜாதி. அதில் செயப்படுபொருள் வந்து எழுவாயின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். செய்தவன் கொல்லைப்புறம் வழியாகப் போய்விடுவான். 'பின்பகுதிகள் அமைதிப்படுத்தப்பட்டன.' அமைதிப்படுத்தியது யார்? வாக்கியத்தில் இல்லை. யாரை? அதுவும் இல்லை. பின்பகுதிகள் மட்டும் இருக்கின்றன. அவை அமைதியாக இருக்கின்றன. பள்ளம் அமைதியாகத்தானே இருக்கும்.

ஆங்கிலத்தில் அப்படி இருந்தது, நான் என்ன செய்ய என்று கேட்கலாம். ஆங்கிலத்துக்கு அந்த வரி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். அங்கேதான் இந்தக் கதையின் இரண்டாம் பாகம்.

மான்ஸ்டைனின் நல்ல காலம் கிரிமியாவோடு உச்சிக்குப் போய்விட்டது. 1942 அக்டோபரில் மூத்த மகன் கெரோ, பத்தொன்பது வயது, ரஷ்யாவில் போர்முனையில் இறந்தான். நவம்பரில் ஸ்டாலின்கிராடில் சிக்கிய படையை மீட்கும் பொறுப்பு வந்தது. டிசம்பர் 12-ஆம் தேதி கிளம்பிய மீட்புப் படை சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் நின்றுபோயிற்று. உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை. ஹிட்லர் அனுமதி தரவில்லை. சரணடைந்த சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் 5,000-6,000 பேர்தான். அடுத்த மார்ச்சில் கார்க்கோவைத் திரும்பப் பிடித்தார். சிலுவையோடு ஓக் இலைகளும் சேர்ந்தன. 1943 ஜூலையில் குர்ஸ்க் தோல்வி. அதன்பின் பின்வாங்கல்தான். விட்டுப்போகும் உக்ரைன் மண்ணில் எதிரிக்கு எதுவும் மிஞ்சக் கூடாது என்று வீடு, தானியம், ஆலை எல்லாவற்றையும் அழித்து, ஜனங்களையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1944 மார்ச் 30-ஆம் தேதி ஹிட்லர் அவரைக் கூப்பிட்டு, சிலுவைக்கு வாள்களைச் சூட்டி, அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பினார்.

நியாயமாகச் சொன்னால், அவர் நாஜிக் கட்சிக்காரர் அல்ல. போர் விஷயத்தில் ஹிட்லரிடம் முகத்துக்கு நேரே வாதாடிய சிலரில் ஒருவர். 1934-இல் யூத வம்சாவளி வீரர்களை ராணுவத்திலிருந்து நீக்கும் விதி வந்தபோது எதிர்ப்புத் தெரிவித்து மேலதிகாரிக்கு எழுதினார். ராணுவத்தின் உள்விவகாரத்தில் கட்சி தலையிடுகிறதே என்பதுதான் அவருடைய பெரிய குறை என்று சொல்லும் சரித்திர ஆசிரியர்களும் உண்டு. எப்படியானாலும் எழுதினார், அதற்குத் துணிச்சல் வேண்டும். எழுதத் தெரிந்தவர், அப்போது யார் யாருக்குச் செய்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தவர், ஏழு வருஷம் கழித்து எங்கே போனார் என்பதுதான் கேள்வி. 1943-இல் ஹிட்லரைக் கவிழ்க்க நினைத்த அதிகாரிகள் ஜாடையாகவும் நேராகவும் அவரிடம் பேசிப் பார்த்தார்கள். பிரஷ்ய ஃபீல்டு மார்ஷல்கள் கலகம் செய்யமாட்டார்கள் என்ற பொருளில் பதில் சொல்லி அனுப்பினார்.

1949 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது. பிரிட்டன் நடத்திய கடைசிப் பெரிய போர்க்குற்ற வழக்கு. குற்றச்சாட்டுகள் 17. இதற்குள் காலம் மாறிவிட்டது. நேற்றுவரை நேச நாடாக இருந்த சோவியத் யூனியன் இப்போது எதிரி; எதிரியாக இருந்த ஜெர்மனியின் மேற்குப் பாதி இனி வேண்டப்பட்டது. லண்டனில் அவர் வழக்குக்காக நிதி திரட்டினார்கள். வின்ஸ்டன் சர்ச்சில் 25 பவுண்டு கொடுத்தார். ரெஜினால்டு பேஜெட் என்ற தொழிற்கட்சி எம்.பி. பணம் வாங்காமல் வாதாடினார். லிடல் ஹார்ட் என்ற பிரபல போர் விமர்சகர் பத்திரிகைகளில் அவருக்காக எழுதினார். டிசம்பரில் தீர்ப்பு: பொதுமக்களின் உயிரைக் காக்கத் தவறியது, போர்க் கைதிகளை நடத்திய விதம், எரித்து அழித்தது என்று ஒன்பது குற்றச்சாட்டுகள் உறுதியாயின. 18 வருடம் சிறை. இரண்டே மாதத்தில் அது 12 ஆகியது. 1953 மே மாதம் வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தவர் புத்தகம் எழுதினார். 'தொலைந்த வெற்றிகள்' என்று பொருள்படும் தலைப்பில் 1955-இல் ஜெர்மனில் வெளிவந்தது. 1958-இல் ஆங்கிலத்தில், லிடல் ஹார்ட்டின் முன்னுரையோடு. ராணுவக் கல்லூரிகளில் பாடமாகப் படித்தார்கள். நன்றாக எழுதப்பட்ட புத்தகம்தான். ஆர்டென் காடு இருக்கிறது, த்வீனா பாலங்கள் இருக்கின்றன, கெரோவைப் பற்றி மனதைத் தொடும் பக்கங்கள் இருக்கின்றன. நவம்பர் 20 உத்தரவு இல்லை. ஓலன்டார்ஃப் இல்லை. சிம்ஃபெரோபோல் பள்ளம் இல்லை. ஒரு சிப்பாயின் போர் அனுபவங்களை மட்டும் சொல்வதாகவும், அரசியலைத் தொடப்போவதில்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பள்ளம் அரசியல் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு வந்த ஆங்கிலக் கட்டுரை அந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளை. நான் அதைத் தமிழுக்குத் தத்து எடுத்தேன்.

மேற்கு ஜெர்மனி 1955-இல் புது ராணுவம் அமைத்தபோது அவரிடமும் ஆலோசனை கேட்டது. 1973 ஜூனில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். கொலைகளையெல்லாம் ஹிட்லரின் ஆட்கள் செய்தார்கள், ராணுவம் சுத்தமானது என்ற நம்பிக்கையில் ஜெர்மன் குடும்பங்கள் நாற்பது வருடம் நிம்மதியாகத் தூங்கின. 1995-இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் ராணுவத்தின் குற்றங்களைப் பற்றிப் புகைப்படக் கண்காட்சி வைத்தபோது ஊர் ஊராக ரகளை. சில படங்களுக்குத் தவறான விளக்கம் எழுதியிருந்தது வெளிவந்து, 1999-இல் கண்காட்சியை நிறுத்தி, திருத்தி 2001-இல் மறுபடி திறந்தார்கள். படங்கள் மாறின, முடிவு மாறவில்லை. ஜெர்மானியர் பிடியில் சிக்கிய சுமார் 57 லட்சம் சோவியத் போர்க் கைதிகளில் 33 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பொதுவாக ஏற்கும் கணக்கு. அத்தனை பேரை ஒரு தனிப் போலீஸ் படை மட்டும் பட்டினி போட்டிருக்க முடியாது.

ஜெர்மானியர்களைப் பார்த்து விரல் நீட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் எம்.ஏ. தேர்வில் புறத்திணைக் கேள்விக்கு நான் எழுதிய விடையும் நினைவுக்கு வருகிறது. வஞ்சித் திணையின் துறைகளில் 'எரிபரந்தெடுத்தல்' என்று ஒன்று. மன்னனின் படை பகைவர் நாட்டைத் தீயிட்டுக் கொளுத்துவது. தொல்காப்பியம் அதைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மன்னனின் வீரம், பகைவர் வயலில் எழுந்த புகை, கவிஞரின் உவமை நயம் என்று மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்த வயல் யாருடையது, அந்த வருஷம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை, வினாத்தாளிலும் இல்லை. சண்டைக் காட்சிகள் எனக்கு அசத்தலாக வந்ததன் ரகசியம் இதுதானோ என்னவோ. பயிற்சி பழையது.

பதக்கம் என்பது கொடுப்பவர் பார்க்க விரும்பியதன் ரசீது. மான்ஸ்டைனுக்குக் கிடைத்த எந்தப் பதக்கமும் பொய் சொல்லவில்லை. ஆர்டென் திட்டம் நிஜம், செவஸ்தபோல் நிஜம். தங்கக் கேடயத்தில் இருந்த கிரிமியா வரைபடத்திலும் சிம்ஃபெரோபோலுக்கு இடம் இருந்தது. ஊரைக் குறிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதே ராணுவத்தில், அதே வருடங்களில், அந்தோன் ஷ்மிட் என்று ஒரு சார்ஜென்ட் இருந்தார். ஆஸ்திரியாக்காரர், வியன்னாவில் ரேடியோ கடை வைத்திருந்தவர். லிதுவேனியாவின் வில்னாவில் வழிதவறிய சிப்பாய்களைச் சேர்த்துப் படைக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. அவர் கையிலும் ராணுவ லாரிகள் இருந்தன. அவற்றில் யூதர்களை ஏற்றி, கொலை நடக்கும் வில்னாவிலிருந்து அப்போதைக்குப் பாதுகாப்பான வேறு ஊர்களுக்குக் கடத்தினார். போலிக் காகிதங்கள் கொடுத்தார். சில நூறு பேர் பிழைத்தார்கள் என்கிறார்கள். பிடித்துவிட்டார்கள். 1942 ஏப்ரல் 13-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். அதற்கு அந்த ராணுவம் அவருக்குப் பதக்கம் தரவில்லை. 1961-இல் ஜெருசலேமில் ஐக்மன் வழக்கில் வில்னா யூதப் போராளியும் கவிஞருமான அப்பா கோவ்னர் சாட்சிக் கூண்டில் நின்று அவர் பெயரைச் சொன்ன பிறகே உலகம் கேட்டது. 2000-ஆம் ஆண்டில் ஜெர்மன் ராணுவம் ரென்ட்ஸ்பர்க் நகரில் ஒரு ராணுவக் குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தது.

லாரி அதேதான். பெட்ரோலும் அதேதான். சிம்ஃபெரோபோலில் அது எங்கே போயிற்று, வில்னாவில் எங்கே போயிற்று என்பதை ஓட்டச் சொன்ன மனிதன் தீர்மானித்தான். எல்லாம் மேலிடத்து உத்தரவு, வேறு வழியில்லை என்ற வாதத்துக்கு ஒரு சார்ஜென்ட் செய்துகாட்டிய பதில் அது. ஃபீல்டு மார்ஷலுக்கு அதைவிட அதிக லாரிகள் இருந்தன.

2025-இல் போர் முடிந்து 80 ஆண்டுகள் ஆனபோது மறுபடி சிறப்புப் பக்கங்கள், மறுபடி தளபதிகள். இந்த முறை நான் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்தேன். இருபத்துநான்கு வயதுப் பெண் ஒருத்தி மான்ஸ்டைன் கட்டுரையைத் தமிழாக்கிக் கொண்டுவந்தாள். சண்டைக் காட்சிகள் நன்றாக வந்திருந்தன. இந்த ஆங்கிலத்திலும் பின்பகுதிகள் இருந்தன. அவளும் என்னைப் போலவே அவற்றை அமைதிப்படுத்தியிருந்தாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. 'இதுல எழுவாய் எங்கம்மா?' என்று கேட்டேன். அவள் வாக்கியத்தை மறுபடி படித்தாள். 'இல்லையே மேடம்' என்றாள். 'போய்த் தேடிட்டு வா' என்றேன்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. வாக்கியம் நீண்டிருந்தது. 'மான்ஸ்டைன் படையின் லாரிகள் சிம்ஃபெரோபோல் யூதர்களை ஊருக்கு வெளியே ஏற்றிச்சென்றன. ஓலன்டார்ஃபின் ஆட்கள் அவர்களைச் சுட்டார்கள்.' கட்டுரையில் இடம் போதவில்லை. பீரங்கியின் எடையை எடுத்துவிட்டோம்.

கரக்பூர் அட்டை இன்னும் அகராதிக்குள் இருக்கிறது. எழுதியவர் இன்று உயிரோடு இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த முகவரிக்கு எழுதினாலும் யார் வாங்குவார்கள்? ஆனாலும் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பதில் என் பெயரில் பாக்கி நிற்கிறது. அங்கே ஊர்கள் இருந்தன ஐயா. ஜனங்கள் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எழுத இடம் இருந்தது. 'அமைதிப்படுத்தப்பட்டன' என்று எழுதினேன்.

இதில் எழுவாய் தோன்றவில்லை. ஆனால் தேட வேண்டியதும் இல்லை.